பாறையைப் பார்த்த அவசரக் கதவு

முகாம் வண்டிகளின் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, தீ விதிப் பலகையை வண்டிக்குள் எங்கே மாட்டுவது என்பதைத்தான். நல்ல கேள்வி. நானும் இந்த வேலைக்கு வந்த புதிதில் அதைப் பற்றி இரண்டு நாள் யோசித்திருக்கிறேன். கடைசியில் கதவுக்கு இடப்புறம், கண் மட்டத்தில், நான்கு பித்தளைத் திருகாணிகளால் மாட்டினேன். பலகை இம்மியும் சாயவில்லை. அதன் கீழே ஒரு மனிதர் கருகிப் போகப் பார்த்தார். அந்தக் கதையைச் சொல்லிவிட்டால் பாதி வேலை உங்களுக்குப் புரிந்துவிடும்.

அப்போது நான் சேலம் ஜில்லாவில் ஒரு மிட்டாதாரிடம் முகாம் ரைட்டராக இருந்தேன். மிட்டா என்றால் சின்ன ஜமீன் மாதிரி; சில கிராமங்கள் அவருடைய மிட்டாவில் அடங்கியிருந்தன. ஒரு நாள் அவர் ஆங்கிலப் படப் பத்திரிகை ஒன்றில், சக்கரம் வைத்த மரவீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தேநீர் குடிப்பதைப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு வாசிக்க வராது. படம் நன்றாகப் புரிந்தது. அடுத்த ஆண்டு சென்னைப் பட்டறை ஒன்றிலிருந்து அதேபோல ஓர் உல்லாச வண்டி வந்து இறங்கியது. நீளம் இருபது அடி, அகலம் ஏழடி. முன்னால் ஒரு கதவு. நடுவில் கட்டிலும் நிலைக்கண்ணாடியும். கடைசியில் ஸ்டவ் வைத்த சமையல் மூலை. அந்த மூலையின் பின்சுவரில், ஆபத்துக் காலத்தில் வெளியேற இரண்டடிச் சதுரத்தில் ஒரு சின்னக் கதவு.

சமவெளியில் அதை மாடு கட்டி இழுக்கலாம், கார் கட்டியும் இழுக்கலாம். ஆனால் மிட்டாதாருக்குக் கோடையில் அது கொல்லிமலை மேல் இருக்க வேண்டும். மலைக்கு அன்று சாலை கிடையாது. கல்லும் வேரும் படியாகக் கிடக்கும் ஒற்றையடிப் பாதைதான். ஆகவே வண்டியைப் பதினான்கு துண்டாகக் கழற்றி, மலைமேல் உள்ள திண்ணனூர் நாட்டு ஆட்கள் தலையிலும் தோளிலுமாகச் சுமந்து ஏறினார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று வேலை வாங்கியவர் பெரியண்ணன், மலையில் சாமை விதைக்கும் விவசாயி. நான்கு சக்கரங்களைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார்.

“ஏனுங்க ரைட்டரே, மேல ரோடே இல்லீங்களே. சக்கரம் எதுக்குங்க?”

“சக்கரம் இல்லீன்னா அது வண்டியாகாதுங்க” என்றேன்.

“ஓ, சரீங்க” என்று சொல்லி, ஒரு சக்கரத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். “அப்ப இன்னிக்கு வண்டி எம்மேல போவுதுங்க.”

வழியில் சுவர்களை முடுக்கும் இரும்பு ஆணிகள் இருந்த சாக்கு, பள்ளத்தில் உருண்டு போய்விட்டது. மேலே போய்ச் சேர்ந்ததும் பெரியண்ணன் வைரம் பாய்ந்த மரத்தில் ஆப்புகள் சீவி, பக்கச் சுவரை அந்த ஆப்புகளாலேயே இறுக்கி நிறுத்தினார். நான் நாட்குறிப்பில் ‘தற்காலிக ஏற்பாடு, வருந்தத்தக்கது’ என்று எழுதினேன்.

இனி என் பங்கு. பட்டறைக்காரர்கள் தீத் தடுப்புக் குறிப்பு ஒன்றை அனுப்பியிருந்தார்கள். ஆறே வரி. இவ்வளவு பெரிய வண்டிக்கு ஆறு வரி போதாது என்று எனக்குப் பட்டது. அதை இருபத்தோரு விதிகளாக விரித்தேன். சிவப்பு வாளிகள் ஐந்து, எண் போட்டு. மணி அடித்தவுடன் யார் எதைச் செய்வது, யார் எந்த வரிசையில் இறங்குவது, எல்லாம் அதில் இருந்தது. நான்காம் விதி, எஜமானுக்கு முன்னால் யாரும் இறங்கக் கூடாது என்பது. இதை எந்தக் குறிப்பிலிருந்தும் நான் எடுக்கவில்லை. மிட்டாதார் சொல்லவும் இல்லை. சொல்லாமலே எழுதியதற்காக என்னைப் பாராட்டினார்.

ஒன்பதாம் விதி சமையல்காரருக்கு. மணி அடித்தவுடன் அவர் மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்து, மூடி, ஸ்டவ்வுக்கு எதிர்ப்புறமுள்ள பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். எரிபொருள் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இந்த விதியில் ஒரு தப்பு இருக்கிறது. இதைப் படிக்கும்போதே அது உங்கள் கண்ணில் பட்டிருந்தால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். எனக்கு அதைக் காண ஒரு நெருப்பு தேவைப்பட்டது.

சமையல்காரர் பெயர் கந்தப்பன். அடிவாரத்து ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் குடியிருந்த வீடு மிட்டாதாரின் நிலத்தில் இருந்தது. வேலை போனால் வீடும் போகும். அதனால் விதிகளை என்னைவிட ஒழுங்காக அவர்தான் பின்பற்றினார்.

வண்டியை நிறுத்தும் இடத்தில் ஒரு சிக்கல் வந்தது. மிட்டாதார் முன்கதவைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுதும் தெரிய வேண்டும் என்றார். அப்படி நிறுத்தினால் வண்டியின் பின்பக்கம் ஒரு பெரும்பாறையை ஒட்டி வரும். ஒட்டித்தான் வந்தது. அவசரக் கதவைத் தள்ளிப் பார்த்த பெரியண்ணன் என்னைக் கூப்பிட்டார். கதவு நான்கு விரல் அளவு திறந்து, பாறையில் இடித்து நின்றது.

“இந்தக் கதவு பாறையப் பாக்குதுங்களே.”

“அதை எப்பவும் திறக்கறதில்லீங்க. ஆபத்து வந்தா மட்டுந்தான்.”

“ஆபத்து வந்தா பாறை ஒதுங்கிக்குமுங்களா?”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பட்டறைக்காரர்கள் நிரப்பி அனுப்பச் சொன்ன படிவம் என் கையில் இருந்தது. ‘அவசரக் கதவு இருக்கிறதா?’ என்று அதில் ஒரு கேள்வி. இருந்தது. ‘இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்றுவரை என் உத்தியோகத்தில் நான் பொய்யாக எதையும் எழுதியதில்லை. அன்று எழுதியதும் பொய்யில்லை. இந்த வேலையில் பொய்யைவிட அதிகம் பயப்பட வேண்டியது அந்த மாதிரி உண்மைக்குத்தான்.

ஒத்திகைகள் வாரம் ஒன்று நடந்தன. ஒரு தகரத்தில் பச்சைத் தழையைப் போட்டுப் புகை எழுப்புவோம். நான் மணி அடிப்பேன். மிட்டாதார் தலைப்பாகையோடு தயாராக வாசலருகே உட்கார்ந்திருப்பார். எழுந்து இறங்குவார். பின்னால் கந்தப்பன் பெட்டியைப் பூட்டிவிட்டு, “தீ, தீ, தீ” என்று விதிப்படி மூன்று முறை சொல்லிக்கொண்டே இறங்குவார். தண்ணீர்க் குடத்தோடு வரும் பெரியண்ணன் மனைவி பாவாயி நின்று வேடிக்கை பார்ப்பாள்.

“அண்ணா, தீ பிடிச்சா இப்படியா சாவகாசமாக் கத்துவாங்க? வெத்தல வேணுமான்னு கேக்கற மாதிரி இருக்குது.”

“ரைட்டரு எழுதினது மூணு வாட்டிதாம்மா. சத்தமான்னு எழுதல” என்பார் கந்தப்பன்.

இப்படியே நாங்கள் மிகவும் தேர்ச்சி பெற்றோம்.

பிறகு ஒரு துரை மலைக்கு வேட்டையாட வந்தார். மிட்டாதார் அவருக்கு விருந்து கொடுத்து, அதோடு தீ ஒத்திகையையும் காட்டுவது என்று முடிவு செய்தார். வாளிகளில் மணலும் தண்ணீரும் அசிங்கமாகத் தெரிகின்றன என்று அவற்றைக் கொட்டிவிட்டுச் செவ்வந்திச் செடிகளை நடச் சொன்னார். நட்டோம். எண்கள் மறையாதபடி நான் பார்த்துக்கொண்டேன்.

உச்சி வெயில் சற்றே தாழ்ந்த நேரம். துரை வெளியே நாற்காலியில், பக்கத்தில் துபாஷி. நான் முன்படியில் பெயர்ப் பட்டியலோடு நின்றேன். தகரத்தில் தழை புகைந்தது. மணியடித்தேன்.

மிட்டாதார் இறங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். துரைக்காகச் சரிகைத் தலைப்பாகையைக் கட்ட வேண்டும் என்று கடைசி நிமிடத்தில் தோன்றியிருக்கிறது. நிலைக்கண்ணாடிக்கு முன்னால், ஓர் ஆள் மட்டுமே போகக்கூடிய அந்த நடையில், துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு முழத்தில் மூன்று முழம் முடிந்திருந்தது.

அதே வேளையில் சமையல் மூலையில் ஒன்பதாம் விதி நடந்துகொண்டிருந்தது. துரைக்குத் தேநீர் போட ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. கந்தப்பன் மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்து, எதிர்ப்புறப் பெட்டிக்குக் கொண்டுபோக, எரியும் ஸ்டவ்வுக்கு மேலாகக் கையை நீட்டியிருக்கிறார். அந்த வழியாகத்தான் நீட்ட முடியும். நான் அப்படித்தான் பெட்டியை வைத்திருந்தேன். மூடி தளர்ந்திருந்தது. ஒரு கை அளவு எண்ணெய் ஸ்டவ்வில் கொட்டியது. சமையல் மூலையை மறைத்திருந்த திரை பற்றிக்கொண்டது.

“தீ, தீ” என்றார் கந்தப்பன்.

நான் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ‘குரல் நன்று’ என்று குறித்தேன்.

“எசமாங்க, வழி உடுங்க. நெசமா எரியுதுங்க.”

“இர்ரா” என்றார் மிட்டாதார், துணியைக் கடித்தபடியே. துரையின் முன்னால் வெறுந்தலையோடு இறங்குவதைவிட அவருக்கு வேறெதுவும் சரி. கந்தப்பன் அவரைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கலாம். பதிமூன்று வருஷமாக அந்த உடம்புக்குச் சோறு போட்ட மனிதர், ஒரு முறையும் அதைத் தொட்டதில்லை. கை வரவில்லை. அவர் திரும்பி அவசரக் கதவைத் தள்ளினார்.

பாவாயி வண்டியின் பின்னாலிருந்து ஓடி வந்தாள். “ரைட்டருங்க, பாறைச் சந்துல கை தெரியுதுங்க. அண்ணன் கை. இது தழைப் பொகையில்லீங்க, சாயம் எரியற நாத்தம்.”

“ஒத்திகை நடக்குதும்மா. தள்ளி நில்லு” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எந்த நாட்குறிப்பிலும் எழுதவில்லை. அவள் சொன்ன நாற்றம் அப்போது என் மூக்கிலும் ஏறியது.

பெரியண்ணன் ஏற்கனவே பக்கச் சுவரருகே நின்றிருந்தார். கையில் கோடாலி. அந்தச் சுவரைத் தன் கையாலேயே நிறுத்தியவர், அது எங்கே நிற்கிறது, எதனால் நிற்கிறது என்று அறிந்தவர். “நாலு ஆப்புதானுங்க. தட்டுனா சுவரே உளுந்துரும். தட்டட்டுங்களா? சொல்லுங்க.”

கேட்காமல் தட்ட அவரால் முடியாது. எஜமானின் உடைமை. சேதத்துக்கு யார் பொறுப்பு என்று பிறகு கேட்பார்கள். என்னாலும் சொல்ல முடியவில்லை. நான் மிட்டாதாரைப் பார்த்தேன். உத்தரவுக்காக. அவர் வாயில் துணி. கண்ணாடியில் என்னைப் பார்த்து, இன்னும் இரண்டு சுற்று என்பதுபோல விரலைக் காட்டினார்.

அந்த ஒரு பார்வை எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஐந்து மூச்சு இருக்கலாம். கந்தப்பனின் வலக்கை வெந்தது அந்த ஐந்து மூச்சில்தான். உங்களுக்குப் புத்தகத்தில் யாரும் சொல்லித் தராத இடம் இது. தீ பிடித்த வண்டியின் முன்னால் நிற்கும்போது, உங்களுக்கு மேலே உள்ளவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து தானாகவே திரும்பும். நல்ல வேலைக்காரர்களின் கழுத்துதான் அப்படித் திரும்பும்.

“தட்டுங்க” என்றேன்.

நான்கு அடி. சுவர் முழுதாக வெளியே சாய்ந்து புல்லில் விழுந்தது. புகை குபுகுபுவென்று வந்தது. பாவாயி குடத்துத் தண்ணீரைத் தன் மேல் ஊற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்து கந்தப்பனை அக்குளில் பிடித்து இழுத்து வந்தாள். பெரியண்ணனும் ஆட்களும் ஈரச் சாக்கால் அடித்து, மண்ணை வாரிப் போட்டு நெருப்பை அடக்கினார்கள். நான் வாளி எண் மூன்றைத் தூக்கினேன். செவ்வந்தியோடு திரும்ப வைத்தேன்.

மிட்டாதார் மட்டும் கண்ணாடி முன்னால், சுவரில்லாத நடையில், பாதி கட்டிய தலைப்பாகையோடு, எங்கள் எல்லோருக்கும் பக்கவாட்டில் தெரிந்தபடி நின்றார்.

துரை எழுந்து கைதட்டினார். துபாஷி மொழிபெயர்த்தார்: சுவரே வாசலாக விழும் இந்த ஏற்பாடு மிகவும் புத்திசாலித்தனமானது என்று துரை சொல்கிறார், இங்கிலாந்தில்கூட இப்படி ஒன்றைப் பார்த்ததில்லையாம், இது யாருடைய யோசனை என்று கேட்கிறார்.

“நம்ம யோசனைதான்” என்றார் மிட்டாதார்.

பெரியண்ணன் கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டார். “எசமாங்க யோசனை கொஞ்சம் ஓரம் கருகிப் போச்சுங்க. வேற பலகை அறுக்கோணும்” என்று மட்டும் சொன்னார்.

கந்தப்பன் கைக்குப் பாவாயி தேன் தடவி வாழைக் குருத்தால் சுற்றினாள். கை பிழைத்துக்கொண்டது. ஆனால் அவர் அதற்குப் பிறகு வண்டிக்குள் கால் வைக்கவில்லை. பலா மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி, இடக்கையாலேயே சமைத்தார். மூன்று நாள் பொறுத்த மிட்டாதார் நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

“அவன் வெளியில சமைக்கறதப் பாத்தா, நம்ம வண்டியில தீ பிடிச்சதுன்னு நாலு பேரு பேச மாட்டாங்களா? சாயங்காலத்துக்குள்ள உள்ள போகச் சொல்லு. இல்லீன்னா மலையிறங்கச் சொல்லு.”

மலையிறங்கினால் அடிவாரத்தில் வீடு இருக்காது. அது மிட்டாதாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கந்தப்பனுக்கும் தெரியும்.

விழுந்த சுவரைப் புதுப் பலகையோடு பெரியண்ணன் அதற்குள் மறுபடி நிறுத்தியிருந்தார். நான் அவரிடம் போனேன். எட்டு ஆட்கள் சேர்ந்து வண்டியைப் பாறையிலிருந்து ஆறடி முன்னால் தள்ளினார்கள். அந்தச் சக்கரங்கள் மலையில் உருண்ட தூரம் மொத்தமும் அதுதான். அவசரக் கதவு இப்போது முழுதாகத் திறந்தது. மண்ணெண்ணெய்யை வண்டிக்கு வெளியே ஒரு தனிக் கொட்டகைக்கு மாற்றினேன். இருபத்தோரு விதிகளில் பதினேழை அடித்தேன், நான்காவதையும் ஒன்பதாவதையும் முதலில். பிறகு பலா மரத்தடிக்குப் போய் எல்லாவற்றையும் வரிசையாகக் கந்தப்பனுக்குச் சொன்னேன். கதவின் அளவு, திறக்கும் கோணம், கீழே இறங்க வைத்த கல்லின் உயரம்.

அவர் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டார். “அந்தக் கதவு வழியா நீங்க எத்தன வாட்டி வந்திருக்கீங்க?”

நாட்குறிப்பைப் புரட்டத் தேவையில்லை. “ஒரு வாட்டியும் இல்லீங்க.”

“அப்பப் போங்க. உள்ள போயித் தாழ் போட்டுக்கிட்டு, வெளிய வாங்க. பாத்துட்டு நான் வாரேன்.”

போனேன். தாழைத் திறக்க இரண்டு கை வேண்டியிருந்தது: ஒன்று கதவை அழுத்திப் பிடிக்க, ஒன்று தாழை நெம்ப. அதைக் கண்டுபிடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. வெளியே வந்து, பெரியண்ணனிடம் தாழை எடுத்துவிட்டுச் சுழலும் கட்டை ஒன்று வைக்கச் சொன்னேன். வைத்தார்.

“இன்னொரு வாட்டி” என்றார் கந்தப்பன்.

இரண்டாம் முறை என் கோட்டுப் பொத்தான் சட்டத்தில் மாட்டிக் கிழிந்தது. சட்டத்தை இழைத்தோம்.

“இப்பக் கண்ண மூடிக்கிட்டு வாங்க. பொகையில கண்ணு தெரியாதுங்க.”

கண்ணை மூடிக்கொண்டு வந்ததில் அரிசி டின்னில் முழங்காலை இடித்துக்கொண்டேன். டின் இடம் மாறியது. நான்காம் முறை மூச்சையும் அடக்கச் சொன்னார். கட்டை எங்கே இருக்கிறது என்று தடவிக்கொண்டிருக்கும்போதே மூச்சு விட்டுவிட்டேன். கையை வைத்தவுடன் தட்டுப்படும்படி கட்டையில் கயிறு சுற்றினோம். பாவாயி குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தாள். மிட்டாதார் முன்கதவில் நின்று பார்த்துவிட்டு, ரைட்டருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று சொன்னாராம்.

ஆறாம் முறைக்கு முன்னால் கந்தப்பன் தன் தோள் துண்டை எடுத்து என் வலக்கையை முதுகோடு சேர்த்துக் கட்டினார். கட்டும்போது அவருடைய வாழைக் குருத்துக் கட்டு என் மணிக்கட்டில் உரசியது. “எனக்கு இப்ப ஒரு கைதானுங்க” என்றார். கோபம் இல்லை. ஓர் அளவைச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஆறாம் முறை பாதியில் சிக்கி, பெரியண்ணன் காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. ஏழாம் முறை கண்ணை மூடி, மூச்சை அடக்கி, ஒற்றைக் கையால் கட்டையைத் திருப்பி, தலைகுப்புற மண்ணில் வந்து விழுந்தேன்.

கந்தப்பன் குனிந்து துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். கொதித்துக்கொண்டிருந்த சட்டியை இடக்கையில் இறக்கினார். கல்லடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தார். பிறகு வண்டிக்குள் ஏறினார்.